இரண்டாவது நிமிடத்தில் ஒரு இருமல்

பற்றரிக்குத் தடை இருந்த வருசம்.
மல்லாவிச் சந்திக்குப் பின்னால்
எமிலின் சைக்கிள் கடையில்
கவிழ்த்து வைத்த லுமாலா ஒன்றின் பின்சில்லு
ஒரு இங்கிலீஸ் பாட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது.
டைனமோவிலிருந்து இரண்டு வயர்,
மூடி கழன்ற கசற் பெட்டி,
பெடலைக் கையால் சுற்ற எங்களில் ஒருவர்.

கசற்றில் பெயர் இல்லை.
கொழும்பிலிருந்து சவர்க்காரப் பெட்டிக்குள்
ஒளிந்து வந்தது என்றான் எமில்.
எமில் சொல்வதில் பாதி பொய்.
ஒரு கிற்றார், ஒரு ட்ரம்ஸ்,
ஊரையே வெளியில் கூப்பிட்டுச் சண்டை பிடிக்கும் குரல்.
இரண்டாவது நிமிடத்தில்
யாரோ இருமினார்கள்.

வரி ஒன்றும் விளங்காது.
'றிவர்' என்ற சொல் மட்டும் கையில் அகப்பட்டது.
அதை வைத்துக் கதை கட்டினோம்.
எமிலுக்கு, பாடுகிறவன் ஆற்றில் தம்பியை விட்டவன்.
எமிலின் தம்பி றெஜிக்கு, அவன்
சம்பளம் கொடுக்காத முதலாளியைத் திட்டுகிறான்,
'கேளுங்கோ, இந்த இடத்தில் தூசணம்.'
நான் சொன்னேன்,
ஆறு பெருகி வீடு போய்
கூரையில் குந்தியிருந்து பாடுகிறான்.
அப்ப இருமினது ஆர்?
தம்பி. முதலாளி.
கூரையில் பக்கத்திலிருந்த பெண்.
ஒரு பின்னேரம் முழுக்க அதற்காகக் கோபித்துக்கொண்டோம்.

நாலாவது நிமிடத்தில் குரல் தாழும்.
கயிறு நழுவின வாளியாய் இறங்கும்,
கிற்றாரும் கூடவே இறங்கும்,
அடிக்குப் போய்
மெல்ல, மனமில்லாமல், ஏறி வரும்.
அந்த இடத்தில் நாங்கள் கதைப்பதில்லை.
ரியூப் ஒட்ட வந்த கச்சேரிக் கிளாக்கர் ஒருவர்
ஒருநாள் அதைக் கேட்டுக் கண் துடைத்தார்.
இங்கிலீஸ் தெரிந்த மனிசன்.
என்ன வரி சேர், என்று கேட்டோம்.
'வரிக்கு இல்லை' என்றார்.
ஒட்டுக் காயுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

போன ஐப்பசி, கிளிநொச்சியில்
பல்லுப் பிடுங்கக் காத்திருந்தபோது
கைபேசி அதைத் தானாகக் கொண்டுவந்து தந்தது.
பாட்டின் கதையை அந்தக் கிற்றார்காரரே சொல்கிறார்,
நரைத்த பின்னலோடு, எதையோ குடித்தபடி.
இசைத்தட்டில் கொஞ்ச இடம் மிஞ்சியதாம்.
வான் பழுதாகி ஒரு கராச்சில் நின்றார்களாம்,
கட்டக் காசில்லாமல்
பில்லின் பின்பக்கத்தில் எழுதினார்களாம்.
றிவர் என்பது
எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையின் பெயர்.
சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.
நல்ல கதைதான்.
ஒரு பழுது, மூன்று பேர், ஒருவரிடமும் காசில்லை.

ஆனால் குரல் தாழவில்லை.
கார்பெற் போட்ட ஏ-ஒன்பதில் போகிற பஸ் மாதிரி
நேரே போய் முடிந்துவிட்டது,
எங்களிடம் ஆறு நிமிடம் இருந்த பாட்டு
நாலரையில்.
மூன்று தரம் கேட்டேன்.
என் நம்பரைக் கூப்பிட்டதும் கேட்கவில்லை.

நாலாவது நிமிடம்
எப்போதும் றெஜியின் முறை.
மலேரியா வந்து எழும்பின கை.
அவன் மணிக்கட்டு களைத்த இடத்தில்தான்
யாரோ ஒரு வெள்ளைக்காரன்
அவ்வளவு காலமும் உடைந்துகொண்டிருந்திருக்கிறான்.

வேகம் குறைக்கக் கைபேசியில் ஒரு இடம் உண்டு.
முக்காலாக்கினேன்.
தொடக்கமும் முக்கால், முடிவும் முக்கால்.
றெஜியைக் கேட்க முடியாது.

எமிலுக்கு எடுத்தேன்.
மாங்குளத்தில் இப்போது மோட்டசைக்கிள் திருத்துகிறான்.
பாட்டைப் போட்டுவிட்டேன்.
அந்தப் பக்கம் ஒரு எஞ்சின் உறுமி, நின்றது.
'இது வேற ஆக்கள்' என்றான்.
கிற்றார்காரர் சொன்ன கதையைச் சொல்லவா?
'வேண்டாம்.'
பிறகு,
'இருமல் இருக்கோ?'
இருக்கு. ஒன்றரை நிமிசத்தில வருது.
'ஆரெண்டு சொன்னவரோ?'
இல்லை. அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.
'அப்ப சரி' என்றான் எமில்,
எஞ்சினைத் திரும்ப உதைத்தபடி.
'அது தம்பிதான்.'